அளவு கொடுக்க ஒருத்தி

ஜனவரி 12

அன்புள்ள பெரிய எலிக்கு,

சின்ன எலி எழுதுவது. நான் சுகமாக இருக்கிறேன். நீயும் அத்தானும் எப்படி இருக்கிறீர்கள்? கீழ்ப் பல் ஒன்று ஆடுகிறது என்றாயே, நின்றதா, விழுந்ததா?

போன வாரம் ஆஸ்பத்திரியில் ஒரு வேலை இருக்கிறது என்று சொல்லி உன் வீட்டில் தங்கினேன். என்ன வேலை என்று நீ கேட்கவில்லை. கேட்டிருந்தால் சண்டை வந்திருக்கும். போனில் சொன்னாலும் சண்டைதான். கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது என்பதால் எழுதுகிறேன். என் மோவாயைச் சரிசெய்துகொள்ளப் போகிறேன்.

எங்கள் மூக்குக் கண்ணாடிக் கடையில் எந்தப் பக்கம் திரும்பினாலும் முகம் பார்க்கும் கண்ணாடி. வாடிக்கையாளருக்கு பிரேம் மாட்டிவிட்டு நிமிர்ந்தால், மூன்று பக்கத்திலிருந்தும் என் முகம் தெரிகிறது. நேராகப் பார்த்தால் பரவாயில்லை. பக்கவாட்டில் உதட்டுக்குக் கீழே வழித்து எடுத்த மாதிரி இருக்கிறது, நேரே கழுத்துதான். புதுக் கிளைக்கு விளம்பரப் பலகை வைக்க முதலாளி என்னைத்தான் படம் எடுக்கச் சொன்னார். படக்காரர், "கொஞ்சம் முகத்தை முன்னாடி கொண்டு வாங்க... இன்னும் கொஞ்சம்... சரி, விடுங்க" என்றார். பலகையில் பில் போடுகிற பெண்ணின் முகம் வந்தது. கிளையைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பும் அவளுக்கே போயிற்று. யாரும் என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. அந்த "சரி, விடுங்க" மட்டும் காதை விட்டுப் போகவே மாட்டேன் என்கிறது.

டாக்டர் மூன்று வழி சொன்னார். "ஊசி போட்டா ஒரு வருஷம் தாங்கும், அப்புறம் கரைஞ்சிடும். சிலிக்கான் துண்டு வெச்சா சுலபம், ஆனா சில பேருக்கு நகர்ந்துடும். மோவாய் எலும்பையே வெட்டி முன்னால தள்ளி ஸ்க்ரூ போட்டா, அது உங்க சொந்த எலும்பு, ஆயுசுக்கும் இருக்கும். ஆனா கீழ் உதட்டு நரம்பு பக்கத்துலயே ஓடுது. அது எங்க ஓடுதுன்னு ஸ்கேன்ல பார்க்காம நான் கத்தியை எடுக்க மாட்டேன்."

அந்த ஸ்கேனுக்குத்தான் இப்போது சிக்கல். போன வாரமே எடுக்க நேரம் கிடைக்கவில்லை, இனி எனக்கு லீவு கிடையாது என்கிறார்கள். ஜூனில் கடையைப் புதுப்பிக்க மூடும்போதுதான் வர முடியும். இப்போதே ஸ்கேன் எடுத்தால்தான் டாக்டர் ஜூனில் தேதி தருவார். ஆஸ்பத்திரி உன் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம். நீ போய் என் பெயரில் எடுத்துவிடேன்.

திட்டாதே. இரட்டைப் பிள்ளைகள் நம்மை அம்மா தையற்காரரிடம் கூட்டிப் போனால், "ஒருத்தி அளவு கொடுத்தா போதும், ரெண்டு பேருக்கும் தைச்சிடுங்க" என்பாள். நீ நிற்பாய், நான் வாசலில் விளையாடிக்கொண்டிருப்பேன். ஒரு நாளும் சட்டை பிடிக்காமல் போனதில்லை.

பதில் போடு. அத்தானிடம் இப்போது சொல்லாதே. உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் தங்கை

---

ஜனவரி 20

அன்புள்ள சின்ன எலிக்கு,

நாங்கள் நன்றாக இருக்கிறோம். பல் விழவில்லை. வலது பக்கமாகவே மென்று காலத்தை ஓட்டுகிறேன். உனக்குச் சளி விட்டதா?

உன் கடிதத்தைச் சாப்பாட்டு இடைவேளையில் கட்டிங் மேசைமேல் வைத்துப் படித்தேன். படித்து முடித்ததும் கழிப்பறைக்குப் போய்க் கண்ணாடியில் பக்கவாட்டில் பார்த்துக்கொண்டேன். இத்தனை வருஷமும் எனக்குத் தோன்றாத யோசனை. உன் மோவாயைக் குறை சொல்லிப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறாய், அது என் கழுத்துக்கு மேலேயும் உட்கார்ந்திருக்கிறது என்பதை மறந்துவிட்டாய். கோபமில்லை. கொஞ்சம் கோபம்தான்.

பள்ளிக்கூடத்தில் நம்மை எலி என்று கூப்பிட்டபோது நீ அழுவாய், நான் அடிப்பேன். அந்த வேலைப் பிரிவினை இன்னும் மாறவில்லை போலிருக்கிறது.

நானும் அளவெடுத்துத் துணி வெட்டிப் பிழைக்கிறவள். ஒருத்தர் அளவுக்கு இன்னொருத்தர் துணியை வெட்டினால் எங்கள் மாஸ்டர் என்னை வெளியே தள்ளிவிடுவார். ஆனால் நம் விஷயம் வேறு. என் கை உன் கை, என் செருப்பு உன் செருப்பு. என் போட்டோவை ஒட்டித்தானே நீ நூலகத்தில் அட்டை வாங்கினாய். அதனால் போகிறேன். எனக்குப் பிடித்துப் போகவில்லை, நீ கேட்டதால் போகிறேன்.

மூன்றில் எது என்று என்னைக் கேட்டால், நான்காவதாக ஒன்று இருக்கிறது: படக்காரனை மாற்று.

குளிர் நேரத்தில் காதைக் கட்டிக்கொண்டு வெளியே போ.

அக்கா

---

பிப்ரவரி 2

அன்புள்ள அக்காவுக்கு,

சளி விட்டுவிட்டது. நான் நலம். வலது பக்கமாகவே மெல்லாமல் பல் டாக்டரைப் பார். தைக்கிறவளுக்கு விரல் எப்படியோ, சாப்பிடுகிறவளுக்குப் பல் அப்படி என்று எனக்கு நீ சொல்வது போல நான் சொல்ல வேண்டியிருக்கிறது.

நீ போகிறேன் என்றது போதும். இனி கிண்டல் எவ்வளவு வேண்டுமானாலும் செய்.

நான் முடிவுக்கு வந்துவிட்டேன். ஊசி வேண்டாம். வருஷா வருஷம் கரைகிற மோவாயை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? சிலிக்கான் துண்டு வைத்துக்கொண்ட ஒரு அம்மா கடைக்கு வந்தார். நன்றாகத்தான் இருந்தது. ஆனால் பேசும்போதெல்லாம் விரலால் தொட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தார், இடத்தில் இருக்கிறதா என்று. எனக்கு அந்தப் பயம் வேண்டாம். எலும்பைத்தான் வெட்டிக்கொள்ளப் போகிறேன். உதடு கொஞ்ச மாதம் மரத்துப்போய் இருக்குமாம், இருக்கட்டும்.

உனக்குச் சில குறிப்புகள். டாக்டர் என்னை ஒரு தடவை பார்த்திருக்கிறார், அதனால் தலையை என்னை மாதிரி பின்னால் சேர்த்துக் கட்டு. என் பிறந்த தேதியைக் கேட்டால் திணறாதே, உன்னுடையதையே சொல். ஸ்கேன் எடுத்ததும் எழுது. எனக்கு இங்கே நிலைகொள்ளவில்லை.

அத்தானுக்கு என் அன்பு.

தங்கை

---

பிப்ரவரி 14

அன்புள்ள தங்கைக்கு,

இங்கே யாவரும் சுகம். நீயும் சுகம் என்று நம்புகிறேன்.

உன் வேலை முடிந்தது. ஒரு சின்ன அறை. நிற்க வைத்து, ஒரு குச்சியைப் பல்லால் கடிக்கச் சொல்லி, மோவாயை ஒரு தாங்கியில் வைக்கச் சொன்னார்கள். நம் மோவாய் அதில் நிற்க மாட்டேன் என்று அடம் பிடித்தது. ஸ்கேன் எடுக்கிற பெண் சிரித்துவிட்டு, "பரவாயில்ல அக்கா, அசையாம நில்லுங்க" என்றாள். ஒரு இயந்திரம் தலையைச் சுற்றி வந்தது. அவ்வளவுதான். உன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டபோது உடனே எழுந்துவிட்டேன். சின்ன வயதிலிருந்தே அந்தப் பெயருக்கும் சேர்த்துத் திரும்பிப் பார்த்துப் பழக்கம்.

நேற்று ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. டாக்டர் நேரில் வரச் சொல்கிறாராம். நீ என் எண்ணைக் கொடுத்திருக்கிறாய் அல்லவா. வியாழக்கிழமை போகிறேன். ஏதாவது அளவு சரிபார்க்கவாக இருக்கும். பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

நேரத்துக்குச் சாப்பிடு.

அக்கா

---

மார்ச் 1

அன்புள்ள அக்காவுக்கு,

நலமா? நான் நலம் என்று எழுதக் கை வரவில்லை.

வியாழக்கிழமை டாக்டரைப் பார்த்துவிட்டு எழுதுகிறேன் என்றாய். அதற்குப் பிறகு இன்னொரு வியாழனும் போய்விட்டது. சண்டை வந்தாலும் வரட்டும் என்று போன் செய்தேன். நீ எடுக்கவில்லை. அடுத்த நாள் அத்தான் எடுத்தார். "அவ தூங்குறாம்மா. இப்பல்லாம் வேலை விட்டு வந்ததும் படுத்துடுறா" என்றார். நீ பகலில் படுக்கிற ஆளா?

டாக்டர் என்ன சொன்னார்? ஜூனில் தேதி கொடுத்தாரா, இல்லையா? நரம்பு தப்பான இடத்தில் ஓடுகிறதா? அப்படியென்றால் அதையாவது சொல், சிலிக்கான் துண்டைப் பற்றி மறுபடி யோசிக்கிறேன். முதலாளியிடம் லீவு எழுதிக் கொடுக்க வேண்டும். ஒரே வரி எழுதினால் போதும்.

உடம்பு சரியில்லையா? அதையும் எழுது.

தங்கை

---

மார்ச் 9

அன்புள்ள தங்கைக்கு,

நலம். தொழிற்சாலையில் வேலை அதிகம், வேறொன்றுமில்லை. பதில் எழுதத் தாமதமானதற்குக் கோபித்துக்கொள்ளாதே.

டாக்டரைப் பார்த்தேன். ஸ்கேன் தெளிவாக விழவில்லை. மறுபடி எடுக்க வேண்டுமாம். இந்தத் தடவை நீயே வந்துவிடு. ஒரு நாள் லீவு போட்டால் போதும். கொடுக்கவில்லை என்றால் கேட்காமல் வா.

எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். எலும்பை வெட்டும் யோசனையை இப்போதைக்கு விடு. அவ்வளவு ஆசையாக இருந்தால் ஊசி போட்டுக்கொள், பிடிக்காவிட்டால் கரைந்துபோகும். எலும்பு கரைந்தால் திரும்பி வராது.

இன்னொன்று. கேட்கிறேனே என்று சிரிக்காதே. உன் பல்லெல்லாம் சரியாக இருக்கிறதா? கீழே இடது பக்கம், கடைவாய்ப் பல்லுக்கு முன்னால், ஈறைக் கட்டை விரலால் அமுக்கிப் பார். உப்பலாக இருக்கிறதா? பல் ஆடுகிறதா? கண்ணாடி முன்னால் நின்று பார். பார்த்து மறு தபாலில் எழுது. மறந்துவிடாதே.

அக்கா

---

மார்ச் 16

அக்காவுக்கு,

நலம். நீயும் நலம்தானே, அதுதான் எழுதியிருக்கிறாயே.

அமுக்கிப் பார்த்தேன். உப்பலும் இல்லை, ஆட்டமும் இல்லை. எல்லாப் பல்லும் நட்டு வைத்த மாதிரி நிற்கின்றன. திருப்தியா? நான் மோவாயைக் கேட்டால் நீ பல்லைப் பற்றிப் பேசுகிறாய்.

நீ என்ன செய்தாய் என்று எனக்குப் புரிந்துவிட்டது. டாக்டரிடம் போய் நானாக உட்கார்ந்து, "எனக்கு வேண்டாம், பயமாயிருக்கு" என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறாய். என் பெயரில் போய் என் காரியத்தைக் கலைத்துவிட்டாய். ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து கேட்டேன். ஸ்கேன் நன்றாக விழுந்திருக்கிறது என்கிறாள் அந்தப் பெண். "தெளிவா இருக்கே மேடம், டாக்டர் உங்களை உடனே வரச் சொல்லி எத்தனை தடவை கூப்பிட்டோம், நீங்கதான் வரல" என்கிறாள். வராதது நானா, நீயா?

உனக்கு என்ன? புருஷன் இருக்கிறார், வீடு இருக்கிறது, பக்கவாட்டில் யார் பார்க்கிறார்கள்? நான் மாறிவிட்டால் நீ மட்டும் எலியாக நிற்க வேண்டும். அது உனக்குப் பொறுக்கவில்லை. உனக்கு இல்லாத எதையும் எனக்குக் கிடைக்க விட்டதில்லை நீ. இதை எழுதுகிறேன், ஏனென்றால் எனக்கு அப்படித்தான் தோன்றுகிறது.

இனி என் விஷயத்தை நானே பார்த்துக்கொள்கிறேன்.

தங்கை

---

மார்ச் 25

அன்புள்ள சின்ன எலிக்கு,

நாங்கள் நலம். உன் உடம்பு எப்படி?

திட்டியது கிடைத்தது. இன்னும் திட்டு. உன் பல் ஆடவில்லை என்று எழுதியிருந்தாய். அந்த வரியை மட்டும் பல தடவை படித்தேன்.

ஆனால் விரலால் அமுக்கிப் பார்ப்பது போதாது. நீ வந்து உன் பெயரில் நீயே ஸ்கேன் எடு. அதன்பிறகு ஊசியோ துண்டோ எலும்போ, உன் இஷ்டம். நீ எலும்பையே வெட்டிக்கொண்டாலும் நான் ஆபரேஷன் அறை வாசலில் உட்கார்ந்திருப்பேன், ஒரு வார்த்தை பேச மாட்டேன். நீ வந்தால் போதும்.

என் வீட்டுக்கு வரப் பிடிக்கவில்லை என்றால் வர வேண்டாம். நேரே ஆஸ்பத்திரிக்குப் போ.

அக்கா

---

ஏப்ரல் 6

அக்கா,

நீ எப்படி இருக்கிறாய்? இந்தக் கேள்விக்கு நீ இத்தனை மாதம் எழுதிய பதிலெல்லாம் பொய் என்று தெரிந்துகொண்டேன்.

வெள்ளிக்கிழமை லீவு கேட்காமல் வந்தேன். நீ சொன்னபடி உன் வீட்டுக்கு வராமல் நேரே ஆஸ்பத்திரிக்குப் போய், மறுபடி எடுக்க வேண்டும் என்று சொல்லி ஸ்கேன் எடுத்துக்கொண்டேன். டாக்டர் உடனே கூப்பிட்டார். முதலில் என்னைத் திட்டினார். "எத்தனை தடவை போன் பண்றது? விளையாட்டா உங்களுக்கு?" என்றார். பிறகு பழைய படத்தையும் புதுப் படத்தையும் திரையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். எழுந்து போய்த் திரைக்கு அருகில் நின்று பார்த்தார். திரும்பி வந்து என் வாயைத் திறக்கச் சொல்லி, இடது பக்கப் பல்லை ஆட்டிப் பார்த்தார்.

"இங்க இருந்த நிழல் எங்கம்மா போச்சு?" என்றார்.

எனக்கு என்ன நிழல் என்றே தெரியாது. அவரே சொன்னார். "இப்படி எலும்பைத் தின்னுட்டு உக்காந்திருந்தது தானா மறையாது. ரெண்டு படத்துலயும் நரம்பு ஓடுற இடமே வேற. இது வேற ஆளோட தாடை. உண்மையைச் சொல்லுங்க. யார் வந்தது?"

எங்க அக்கா என்றேன். அவர் கத்தினார். அந்த அளவை நம்பி என் எலும்பை வெட்டியிருந்தால் என் உதட்டு நரம்பு அறுந்து போயிருக்கும் என்றார். அது என் காதில் சரியாக விழவே இல்லை. "அவங்களுக்குத் தெரியுமா?" என்று மட்டும் கேட்டேன். "பிப்ரவரிலயே சொல்லிட்டேன். இந்த நாற்காலியிலதான் உக்காந்திருந்தாங்க" என்றார்.

அங்கிருந்து உன் வீட்டுக்கு நடந்தே வந்தேன். பூட்டியிருந்தது. நீ வேலைக்குப் போயிருப்பதாகப் பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார். காத்திருந்திருக்கலாம். கதவுக்கு அந்தப் பக்கம் எங்கேயோ உன்னைத் திட்டிய என் மார்ச் மாதக் கடிதம் இருக்கும் என்ற நினைப்பு வந்தது. படியில் உட்கார முடியவில்லை. இறங்கி வந்து பஸ் ஏறிவிட்டேன். வழியெல்லாம் அழுதேன்.

அந்தக் கடிதத்தைக் கிழித்துப் போடு. டாக்டர் உன்னை உன் பெயரில் வரச் சொன்னார். போ, அக்கா. அத்தானிடம் சொல். நீ சொல்லாவிட்டால் நான் சொல்வேன்.

சின்ன எலி

---

ஏப்ரல் 15

அன்புள்ள சின்ன எலிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நீ நலமாக இருக்கிறாய் என்று டாக்டரே சொல்லிவிட்டார், அதனால் விசாரிக்க வேண்டியதில்லை. உன் படத்தை எனக்குக் காட்டினார். சுத்தமாக இருக்கிறது. பிப்ரவரிக்குப் பிறகு நேற்றுத்தான் எனக்கு மூச்சு வந்தது.

அந்த வியாழக்கிழமை நடந்ததை எழுதிவிடுகிறேன். "இந்தப் பக்கம் பல்லு ஆடுதாம்மா?" என்றார். ஆடுகிறது என்றேன். "மோவாய் விஷயத்தை அப்புறம் பேசுவோம். எலும்புக்குள்ள என்னவோ வளருது. ஒரு துளி எடுத்துப் பார்க்கணும்" என்றார். சரி என்று தலையாட்டிவிட்டு வெளியே வந்தேன். கையில் ஒரு காகிதம் கொடுத்தார்கள். அதில் உன் பெயர் இருந்தது.

முதலில், ஒட்டிப் பிறந்தது போலப் பிறந்தோமே, எனக்கு இருந்தால் உனக்கும் இருக்குமே என்று பயந்தேன். உன்னிடம் சொன்னால் நீ அங்கே தனியாக இருந்து செத்துப்போவாய். சொல்லாமலே உன்னை வரவழைக்கப் பார்த்தேன். நல்ல பொய் சொல்லத் தெரியவில்லை. நீ எப்படியும் கண்டுபிடித்துவிடுவாய் என்றுதான் போனை எடுக்கவில்லை. என் குரலை உன்னிடம் மறைக்க முடியாது.

இதெல்லாம் நல்ல காரணம். கெட்ட காரணம் ஒன்று இருக்கிறது, அதையும் சொல்கிறேன். அந்தக் காகிதத்தைப் படிக்கும்போதெல்லாம், இது என் பெயரில்லை, அதனால் எனக்கில்லை என்று மனசு சொல்லும். அப்படி நினைத்துக்கொண்டால் தூக்கம் வரும். காலையில் எழுந்ததும் புரியும், எனக்கில்லை என்றால் உன் தலையில் அல்லவா போட்டிருக்கிறேன் என்று. நாள் போனதே தவிர நான் போகவில்லை. உன் மார்ச் மாதக் கடிதத்தில் நீ என்னைச் சொன்னது பொய். ஆனால் என் நோயை உன் பெயரில் போட்டுவைத்திருந்த எனக்கு அது அப்போது வேறு விதமாகச் சுட்டது.

கடிதத்தைக் கிழிக்கவில்லை. உன் பல் ஆடவில்லை என்ற வரி அதில்தான் இருக்கிறது.

உன் அத்தானிடம் சொன்னேன். எழுந்துபோய் என் சாப்பாட்டுத் தட்டை வாங்கி, எல்லாவற்றையும் சின்னச் சின்னதாகப் பிய்த்துக் கொண்டுவந்து வைத்தார். நேற்று என் பெயரில் சீட்டு எழுதி, ஒரு துளி எடுத்தார்கள். முடிவுக்குக் காத்திருக்கிறோம். எனக்குப் பயமாக இருக்கிறது.

அக்கா

---

மே 4

அன்புள்ள தங்கைக்கு,

போனில் சொன்னது போலப் புற்று இல்லை. அதைத் திரும்பவும் ஒரு தடவை எழுத ஆசையாக இருக்கிறது: புற்று இல்லை. நீ போனில் அழுதாய், நான் கத்தினேன். அதனால் சொல்ல வந்தது பாதியில் நின்றுவிட்டது. சாப்பிட்டாயா, தூங்கினாயா, அதெல்லாம் கடைசியில் கேட்கிறேன்.

புற்று இல்லாவிட்டாலும் இது எலும்பைத் தின்கிற சாதி. சுரண்டி எடுத்தால் திரும்ப வருமாம். இடது பக்கம் தொடங்கி மோவாயின் நடுவைத் தாண்டிவிட்டது. அந்தத் துண்டு முழுவதையும் எடுத்துவிட்டு, காலிலிருந்து எலும்பு எடுத்து அதே வளைவில் வைத்துக் கட்ட வேண்டும். ஜூன் முடிவதற்குள் செய்தாக வேண்டும் என்கிறார். ஆனால் அவரிடம் தேதி இல்லை, தேடுகிறார்.

இன்னொரு சிக்கல். எந்த வளைவில் கட்டுவது? ஒரு பக்கம் மட்டும் கெட்டிருந்தால் மறுபக்கத்தைப் பார்த்து அளவு எடுக்கலாம். எனக்கு நடுவே போய்விட்டது. என் எலும்பு ஏற்கெனவே உப்பிக் கோணியிருப்பதால் அதில் எடுத்த அளவு உதவாது. இதைச் சொல்லிவிட்டு என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "எப்படியும் புதுசாத்தான் கட்டப் போறேன். தங்கச்சி ஆசைப்பட்ட மாதிரி மோவாயைக் கொஞ்சம் முன்னால கொண்டு வந்துடவா? இல்ல, இருந்த மாதிரியே இருக்கட்டுமா? யோசிச்சுச் சொல்லுங்க" என்றார்.

சின்ன எலி, உனக்குச் சிரிப்பு வருகிறதா? எனக்கு வந்தது. வாயை அசைக்க வலித்தது, அதனால் நிறுத்திவிட்டேன். மோவாயைப் பற்றி என் ஆயுளில் யோசித்ததில்லை. நீதான் இதையெல்லாம் கரைத்துக் குடித்தவள். எனக்கு எது நல்லது? நீ சொல்வதை அவரிடம் சொல்லிவிடுகிறேன். எனக்கு இப்போது எதையும் தேர்ந்தெடுக்கத் தெம்பில்லை.

சாப்பிட்டாயா? தூங்கினாயா?

அக்கா

---

மே 11

அன்புள்ள பெரிய எலிக்கு,

சாப்பிட்டேன். தூங்கவில்லை.

முன்னால் கொண்டு வரச் சொல் என்று முதலில் ஒரு கடிதம் எழுதினேன். நான் ஆசைப்பட்டது உனக்காவது கிடைக்கட்டும் என்று நினைத்தேன். உறையை ஒட்டும்போது மனசு ஒப்பவில்லை, கிழித்துவிட்டேன். நான் இந்த மோவாயை நேசிக்கத் தொடங்கிவிட்டேன் என்று நினைக்காதே. இன்று காலையில்கூடக் கடைக் கண்ணாடியில் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டேன். எனக்கு இது பிடிக்காது. ஆனால் என் முகத்தை மாற்றிக்கொள்வது நான் விரும்பிச் செய்கிறது. உன்னிடம் யாரும் கேட்காமல் பாதி முகத்தை எடுக்கப் போகிறார்கள். கட்டு அவிழ்த்ததும் நீ கண்ணாடியைப் பார்ப்பாய், வீங்கியிருக்கும், கோணியிருக்கும், எதுவும் உன்னுடையதாக இருக்காது. அப்போது உன் முகம் எப்படி இருந்தது என்று காட்ட ஒருத்தி எதிரில் இருக்க வேண்டும். அதுவரை இதை மாற்றாமல் வைத்திருக்கிறேன். பிறகும் எனக்கு வேண்டுமென்றால், நீ எழுந்து நடமாடிய பின், என் சொந்த அளவைக் கொடுத்து வெட்டிக்கொள்கிறேன். நீ வாசலில் உட்கார்ந்திருப்பதாகச் சொல்லியிருக்கிறாய், நினைவிருக்கட்டும்.

டாக்டரிடம் நேற்றுப் பேசினேன். இருந்த மாதிரியே இருக்கட்டும் என்றேன். "அளவுக்கு எங்க போறது?" என்றார். என் ஸ்கேன் உங்களிடம்தானே இருக்கிறது என்றேன். பிறகு சிரித்துவிட்டார். "நரம்பு வேற வேற இடத்துல ஓடினாலும் எலும்போட வளைவு ஒண்ணுதான். நீங்க இன்னொரு தடவை வாங்க. எதுக்கும் நானே பார்த்து அளந்துக்கறேன். இந்தத் தடவை யார் யாருன்னு கையில எழுதி ஒட்டிடுவேன்" என்றார். பிப்ரவரியில் உன் எலும்பை என்னுடையது என்று கொடுத்தோம். இப்போது என்னுடையதை உன்னுடையது என்று கொடுக்கிறோம், அவருக்குத் தெரிந்தே.

தேதி தேடுகிறார் என்று எழுதியிருந்தாய். என் ஸ்கேனைப் பார்த்தபின் ஜூனில் எனக்கென்று ஒன்று வைத்திருந்தாராம். அதில் என் பெயரை அடித்து உன் பெயரை எழுதச் சொல்லிவிட்டேன். உன்னுடைய பெயரை, சரியாக.

கடையை மூடுவதற்கு முன்பே கிளம்புகிறேன். முதலாளி முகத்தைச் சுளித்தார். "சரி, விடுங்க" என்றேன்.

இந்தத் தடவை நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்கவில்லை. நீ நலம் என்று எழுதுவாய், எனக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை காலையில் நானே வந்து பார்த்துக்கொள்கிறேன். அம்மா சொன்ன மாதிரி ஒருத்தி அளவு கொடுத்தால் போதும். இத்தனை நாள் நீ நின்றாய், நான் விளையாடிக்கொண்டிருந்தேன். இந்தத் தடவை நான் நிற்கிறேன்.

கதவைப் பூட்டிக்கொண்டு எங்கேயும் போய்விடாதே.

சின்ன எலி